சலவை அறையில் மாற்றிச் சொன்னேன்

ஒரு பெண்ணுக்கு வந்த அழைப்பை, அவள் கண்ணெதிரே நின்றுகொண்டே, அவளுக்குத் தெரியாமல் நான் திருப்பி அனுப்பினேன். இதைத் திருட்டு என்பீர்களா, துரோகம் என்பீர்களா... உங்கள் விருப்பம். எந்தப் பெயரையும் நான் மறுக்கப்போவதில்லை.

டொரொன்ரோவில் எங்கள் கட்டடத்தில் இரண்டே இரண்டு தமிழ்க் குடும்பங்கள். ஐந்தாம் மாடியில் நாங்கள். இரண்டாம் மாடியில் இராசமலரும் அவள் புருஷனும். அவன் கதவுப் பூட்டுச் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தான். எழுபத்தைந்தாம் ஆண்டு இலையுதிர்காலத்தில் அவள் யாழ்ப்பாணத்திலிருந்து அவனிடம் வந்து சேர்ந்தாள்.

வந்த முதல் கிழமையே அவளை லிப்டில் பிடித்து விசாரித்தேன். எந்த ஊர்? எந்தக் கோயிலடி? ஆருடைய மகள்? இந்த மூன்று கேள்விகளும் எதற்கென்று உங்களுக்குத் தெரியும். தெரியாததுபோல் முகத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். மூன்றாவது பதிலில் அவளுடைய சாதி எனக்குத் தெரிந்துவிட்டது. நான் கண்டுபிடித்ததை அவளும் கண்டுகொண்டாள். ஆனாலும் என்னை "அக்கா" என்றாள். எனக்கு அது கொஞ்சம் உறுத்தியது. இதையும் சொல்லத்தானே வேண்டும்!

அடுத்த கோடையில் அவள் புருஷன் பழைய கார் ஒன்று வாங்கினான். ஞாயிறு தோறும் இருவரும் ரூஜ் ஆற்றுப் பக்கம் போனார்கள். அங்கே சதுப்பில் ஆளுயரத்துக்கு நாணல் நிற்கும். அதை வெட்டிக் கட்டிக்கொண்டு வந்து பால்கனியில் காயப்போட்டாள். பிறகு ஈரத்துணியில் சுற்றிப் பதமாக்கி, ஊரில் பனையோலையில் இழைக்கிற அதே கடகத்தை நாணலில் இழைத்தாள். கனடா நாணல் அவள் கைக்கு எப்படித்தான் வளைந்து கொடுத்ததோ, எனக்குத் தெரியாது. கூடைகள் வடிவாக இருந்தன. இதை நான் அப்போதே அவளிடம் சொல்லியிருக்கலாம்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை, கட்டடத்தின் அடித்தளத்துச் சலவை அறையில் அது நடந்தது.

மலர் தன் உடுப்புகளைக் கடகத்தில் கொண்டு வந்திருந்தாள். மூன்றாம் மாடி டோரத்தி அதைக் கண்டுவிட்டாள். எங்கள் தெருமுனையில் பழைய கடையொன்றை வெள்ளையடித்து அக்கம்பக்கத்தார் நடத்தும் சிறிய கலைக்கூடத்துக்கு அவள்தான் பொறுப்பு. மலருக்கு அப்போது ஆங்கிலம் வராது. எனக்கு வரும். நான் காப்புறுதிக் கம்பனியொன்றில் தட்டச்சு செய்பவள். எங்கள் கட்டடத்துத் தமிழுக்கெல்லாம் நானே வாய்.

டோரத்தி என்னிடம் சொன்னாள்: வசந்தத்தில் இந்த வட்டாரத்துக் கைவினைஞர்களின் கண்காட்சி வைக்கிறோம். கூடைகள், மண்பாண்டங்கள், நகைகள். இந்தப் பெண் நான்கு கூடைகள் தருவாளா? சுவரில் அவள் பெயரை எழுதி வைப்போம்.

மலர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அக்கா, அவ என்ன சொல்லுறா?"

ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில் எனக்குள் என்னென்ன ஓடியது தெரியுமா? என் அலுவலகத்துப் பெண்கள் வந்து பார்ப்பார்கள். உங்கள் ஆட்கள் கூடை இழைக்கிறவர்களா என்று கேட்பார்கள். யாராவது ஊருக்கு நீல விமானக் கடிதத்தில் இதை எழுதுவார்கள். இந்த நகரத்தின் சுவரில் ஏறும் முதல் தமிழ்ப் பெயர், நான் அறிந்தவரையில், இவளுடையதாக இருக்கும்... என்னுடையதாக இராது. இவ்வளவு தூரம் விமானமேறி வந்தவள், அந்தச் சாதி அழுக்கையும் பத்திரமாக மடித்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறேன்.

டோரத்தியிடம் ஆங்கிலத்தில் சொன்னேன்: "வீட்டுச் சாமானைப் பிறர் பார்க்க வைப்பது எங்கள் வழக்கத்தில் இல்லையாம். மன்னிக்கச் சொல்கிறாள்."

மலரிடம் சொன்னேன்: "கூடை வடிவாயிருக்காம். எங்க வாங்கினதெண்டு கேக்கிறா."

"நான் இழைச்சதெண்டு சொல்லுங்கோவன் அக்கா."

"சொல்லிப்போட்டன்."

மலர் டோரத்தியைப் பார்த்து முகம் மலரச் சிரித்தாள். டோரத்தி வருத்தத்தோடு சிரித்தாள். இருவருக்கும் நடுவில் நான் ஈர உடுப்புகளை உதறிக்கொண்டிருந்தேன்.

கண்காட்சிக்குப் போனேனா என்று கேட்கிறீர்கள். போனேன். தனியாகப் போனேன். செப்புக்கம்பியில் தோடு செய்கிற ஒருத்தியும், நீல நிறக் கிண்ணங்களை அடுக்கிவைத்துக்கொண்டு ஒரு கிழவரும் இருந்தார்கள். ஒரு போர்த்துக்கீசப் பெண் தான் பின்னிய கூடைகளின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஒருவரும் அவளிடம் எந்த ஊர், ஆருடைய மகள் என்று கேட்கவில்லை. எவ்வளவு நாளாயிற்று, எந்தச் செடியில் செய்தாய் என்றுதான் கேட்டார்கள். அவள் அலுக்காமல் பதில் சொன்னாள். வீட்டுக்கு வந்து இரண்டாம் மாடியில் இறங்கியிருக்கலாம்... நான் லிப்டில் ஐந்தை அழுத்தினேன்.

மலர் சும்மா இருக்கிறவள் அல்லள். மாலை வகுப்பில் சேர்ந்து ஆங்கிலம் படித்தாள். அடுத்த வருடம் பனி கரையுமுன் என் கதவைத் தட்டினாள். அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

"அக்கா, நான் தனியவே டோரத்தியோட கதைச்சனான். என்ர கூடையளை வைக்கப்போகினம். நீங்களும் வரவேணும்."

சந்தோஷப்பட்டேன். நம்புங்கள், உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். பயமும் இருந்தது.

திறப்பு நாளன்று அவளுடைய ஆறு கடகங்களும் ஜன்னலோரம் வெயிலில் இருந்தன. சுவரில் இராசமலர் என்று பெரிய எழுத்தில் இருந்தது. அவள் என் கையைப் பிடித்து இழுத்துப்போய் டோரத்தியின் முன்னால் நிறுத்தினாள். "இவதான் எனக்காக முதல்ல கதைச்சவ" என்று தன் புது ஆங்கிலத்தில் சொன்னாள்.

டோரத்தி நல்லவள். கேட்டால் மலர் மனம் மாறிவிடுவாளோ என்று அதுவரை கேட்காமலிருந்தாளாம். இப்போது மலரிடம் அன்பாகவே கேட்டாள்: "போன வருடம் உங்கள் வழக்கம் இடம்தராது என்றீர்களே, இப்போது எப்படி?"

மலர் அந்தக் கேள்வியை மெல்ல மெல்ல விளங்கிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். என் கையைப் பிடித்திருந்த கை தளர்ந்தது.

"வழக்கம் மாறிவிட்டது" என்று டோரத்திக்குப் பதில் சொன்னாள். அவ்வளவுதான். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

இன்றுவரை அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன். அழுதால் அவள் என்னைத் தேற்ற வேண்டி வந்திருக்கும். அந்த வேலையையும் அவள் தலையில் கட்டுவதா?

இப்போது அவள் சனிக்கிழமைகளில் அதே கலைக்கூடத்தில் கூடை இழைக்கப் பழக்குகிறாள். வகுப்பில் பதினொரு பேர். அந்தப் போர்த்துக்கீசப் பெண்ணும் வருகிறாள். அவள் பின்னலை மலரும் கற்றுக்கொள்கிறாள். நானும் சேர்ந்திருக்கிறேன். என் விரல்களுக்கு ஒன்றும் வராது. மலர் சலிக்காமல் என் கையைத் திருத்துகிறாள். "இறுக்கிப் பிடியுங்கோ, இப்ப விட்டா கழண்டுபோம்" என்கிறாள். மற்றவர்களுக்குச் சொல்கிற அதே குரல். மரியாதையில் குறைவில்லை. அவள் என் கையைத் திருத்துகிற அந்த நேரத்தில், நாங்கள் இருவரும் மனம்விட்டுப் பேசும் ஒரு காலம் வரும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

போன கிழமை புதிதாக ஒரு தமிழ்ப் பிள்ளை வகுப்புக்கு வந்தாள். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீங்கள் ரெண்டு பேரும் சொந்தக்காரரோ?" என்று கேட்டாள்.

மலர் நாணலைப் பிரித்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்.

"இல்லை. ஒரே பில்டிங்."