வார்ப்புக்குப் போன பெருமாள்

காலை ஒன்பதே காலுக்குப் புதுவாயலில் பஸ் நின்றபோது, படியில் முதலில் தெரிந்தவை பெருமாளின் பாதங்கள். பலகையைச் சுற்றியிருந்த வேட்டி கால்பக்கம் அவிழ்ந்திருந்தது. பின்னால் அப்பா இறங்கினார், பிறகு நான். பெருமாளுக்குக் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டிருந்தார்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. அப்பாவின் தாத்தா திருவள்ளூரில் கோயில் மடப்பள்ளியில் சமைத்தவர். சிற்பி அல்ல. தூக்கம் வராத மதியங்களில் ஒரு பலாப் பலகையில் பள்ளிகொண்ட பெருமாளைப் புடைப்பாகச் செதுக்கினார். பெருமாள் நன்றாகத் தூங்கினார். ஆதிசேஷனின் தலைகள் கரண்டிகள் போலிருந்தன. காலடியில் கும்பிட்டு நின்ற கருடன், யார் பார்த்தாலும் கோழி.

அப்பாவும் சித்தப்பாவும் வீட்டைப் பாகம் பிரித்தபோது பலகை மட்டும் பிரியவில்லை. கும்மிடிப்பூண்டிப் பக்கம் முளைத்திருந்த பட்டறை ஒன்றில் அலுமினியத்தில் நகல் வார்ப்பது என்று முடிவானது.

"நகல் அண்ணாவுக்கு, அசல் நேக்கு" என்றார் சித்தப்பா. அவர் கோயில் கைங்கர்யத்தில் இருந்தார். அப்பா தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. அப்பாவால் எதிர்த்துப் பேச முடியவில்லை. ஆனால் பஸ்ஸில் வழி முழுக்கப் பலகையை மடியிலிருந்து இறக்கவில்லை.

பட்டறையில் மண்ணில் அச்செடுக்கும் மோல்டர் பலகையைப் புரட்டிப் பார்த்தார்.

"இன்னா அய்யரே, சாமிய மண்ணுல பொதைக்கப் போறோம். பரவால்லியா?"

"அய்யங்கார்" என்றார் அப்பா.

"யாரா இருந்தா இன்னா, மண்ணு ஒண்ணுதான்."

பலகை மேல் மண்ணை இடித்துக் கெட்டித்து, பிறகு பலகையை உருவினால் அச்சு நிற்கும். அதில் உலோகத்தை ஊற்றுவார்கள். பெருமாளின் வலது கால் கட்டைவிரலுக்கு அடியில் குடைவு இருந்தது. அதைத் தேன்மெழுகால் அடைக்காவிட்டால் மண்ணில் மாட்டிக்கொள்ளும் என்றார் மோல்டர்.

"அது தேனீ எச்சில். பெருமாள் மேல படக் கூடாது."

"கோயில்ல தேன ஊத்திக் குளிப்பாட்றீங்களே, அது யாரு எச்சி?"

அப்பா பையிலிருந்து சந்தனக்கட்டையை எடுத்து, தரையில் உட்கார்ந்து இழைத்து, குடைவை அதனால் அடைத்தார். மோல்டர் விரலால் தொட்டுப் பார்த்து, "காஞ்சிட்ச்சு" என்று சான்றிதழ் கொடுத்தார். மேலே காய்ந்திருந்தது. உள்ளே காயவில்லை. பலகையைத் தூக்கியபோது ஈரச் சந்தனம் மண்ணைப் பிடித்துக்கொண்டது. முறுக்கு ஒடிகிற சத்தம் கேட்டது.

"ஒரு வெரலுதானே நைனா" என்றார் மோல்டர். விரலை இடுக்கியால் எடுத்து அப்பாவிடம் கொடுத்துவிட்டு, அச்சைக் கரண்டியால் சீர்செய்தார். வார்ப்பு பழுதில்லாமல் வந்தது. கோழியும் அப்படியே வந்திருந்தது.

வீடு திரும்பியதும் சித்தப்பா அசல், நகல் இரண்டையும் பார்த்தார்.

"அசல் பின்னமாயிடுத்து. பின்னமானதைப் பூஜையில வைக்கப்படாது. ஜலத்துல விட்டுடணும்."

"அப்போ நகல்?"

"அதை நான் எடுத்துக்கறேன். நீ வருத்தப்படாதேண்ணா."

மறுநாள் காலை குளத்துக்குப் போனோம். அப்பா முழங்கால் தண்ணீரில் நின்று பலகையை விட்டார். பலா மரம், மிதந்தது. சித்தப்பா தள்ளினார். பெருமாள் மல்லாந்தபடி ஒரு வட்டம் போட்டுப் படிக்குத் திரும்பி வந்தார்.

"சாமிக்கு நீச்சல் தெரியும் போலக்குது" என்றார் துவைத்துக்கொண்டிருந்த ஒருவர்.

"ஒரு கல்லைக் கட்டி விடு" என்றார் சித்தப்பா.

"பெருமாள் கழுத்துலயா? நீ சாஸ்திரம் படிச்சவன், நீயே கட்டு."

சித்தப்பா குளத்தைப் பார்த்தார், துவைப்பவரைப் பார்த்தார். பிறகு கோயிலில் காலை பூஜைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனார்.

அப்பா பலகையைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கூடத்துச் சுவரில், மின்சார மீட்டருக்குப் பக்கத்தில், ஆணியடித்து மாட்டினார்.