ரெட்டிபாளையத்துப் பிள்ளையும் ஒத்துக்கொள்ளாத மருந்தும்

எந்த மருந்து குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லையோ, அதையே கொடுத்துப் பழக்குவது எங்கள் வேலை. அடம் பிடிக்கும் பிள்ளைக்குச் சாதாரண இருமல் மருந்து புகட்டியவர்களுக்கே என் பாடு பாதி புரிந்துவிடும்.

முதல் சொட்டு

அரியலூரில் நான் நர்ஸாக இருக்கும் குழந்தைகள் வார்டுக்கு ரெட்டிபாளையத்திலிருந்து யாழினி வந்தாள். ஆறு வயது, நுரையீரலில் காசநோய். அதற்கான முக்கியமான மாத்திரையைப் போட்டதும் உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கிவிட்டது. அதை விட்டால் இவ்வளவு நன்றாகக் கேட்கும் மருந்து வேறில்லை. டாக்டர் பக்கத்திலேயே இருக்க, அதைத் தண்ணீராகக் கரைத்து நாக்கில் ஒரு சொட்டு விடுவேன். ஒன்றும் ஆகவில்லையென்றால் இன்னும் கொஞ்சம்.

சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் முடிந்து வந்த அவள் அப்பா நான் சொட்டு விடுவதைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "பாம்புன்னு தெரிஞ்சிடுச்சி. அப்பறமும் கொஞ்சங்கொஞ்சமா கடிக்க வுடுறீங்களே சிஸ்டர்!"

முழு அளவு

ஒருவழியாக முழு அளவையும் உடம்பு ஏற்றுக்கொண்டது. வீட்டுக்கு அனுப்பும்போது அம்மா செல்வியிடம் தொண்டை வறளச் சொன்னேன். காய்ச்சலோ, கல்யாணமோ, திருவிழாவோ, மருந்தை நிறுத்தக் கூடாது. இடையில் விட்டுப்போனால் உடம்பு பழையபடி முரண்டு பிடிக்கும், நீங்களாகக் கொடுக்காமல் இங்கே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றேன்.

"நான் சோறு திங்காம இருந்தாலும் இருப்பேன், இவளுக்கு மருந்து குடுக்காம இருக்க மாட்டேன் சிஸ்டர்."

மூன்றாம் தண்ணீர்

பிள்ளைக்கு அம்மை போட்டுவிட்டது. வாசலில் வேப்பிலை செருகினால் அந்த வீட்டில் மாத்திரைக்கு இடமில்லை. உங்கள் வீட்டிலும் அப்படித்தான், என் வீட்டிலும் அப்படித்தான். ஆனாலும் நான் அடுக்கிய பட்டியலில் அம்மை இல்லை.

அம்மை இறங்கி மூன்றாம் தண்ணீர் ஊற்றிய அன்றே யாழினியை பைக்கில் நடுவில் உட்கார வைத்துக்கொண்டு வந்தார்கள். முகம் வீங்கி, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. ஊசி போட்டு, ஆக்ஸிஜன் வைத்து, உயிரைப் பிடித்து நிறுத்தினோம். அப்புறம் செல்வியைக் கண்டபடி திட்டினேன். அவள் அழவில்லை.

"அம்மா வந்திருக்கிற வூட்டுல மாத்திரை குடுக்கலாமா? அதான் தண்ணி ஊத்துன கையோட மொத வேலையா முழுசா குடுத்துட்டேன் சிஸ்டர்."

மறுபடியும்

இடைவெளியில் இருமல் கூடிவிட்டது, பிள்ளை பாதியாகிவிட்டாள். பழையபடி முதல் சொட்டிலிருந்து தொடங்க வேண்டும். கரைத்து எடுத்துக்கொண்டு போனேன். என்னைப் பார்த்ததும் பல்லைக் கடித்து வாயை மூடிக்கொண்டாள். கெஞ்சினேன், பொம்மை காட்டினேன், செல்வியும் கும்பிட்டுப் பார்த்தாள். யாழினி அம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"அந்த அக்கா வேணாம்மா. போகச் சொல்லு."

மருந்துக்குப் பழக்க ஒரு முறை இருக்கிறது, என் முகத்துக்குப் பழக்க எந்தச் சொட்டிலிருந்து தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.