திருப்பிச் செருகிய நெபுலா

உள்ளங்கை அகலக் கண்ணாடி ஸ்லைடு அது. கறுப்புக்கு நடுவே பளிச்சென்று ஒரு கரு. அதிலிருந்து இரண்டு கைகள் சுருண்டு சுருண்டு வெளியே போகும். சுருள் நெபுலா என்போம். அது நம் பால்வீதிக்கு அப்பால் கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் கூடிய தனி உலகம், அதன் ஒளி இங்கே வந்துசேர லட்சக்கணக்கான வருஷம் ஆகும் என்று அப்போதுதான் புத்தகங்கள் சொல்லத் தொடங்கியிருந்தன. எங்கள் கல்லூரியில் அதை முதலில் படித்தவன் நான். மேடையேறிப் பேசியவர் அத்திம்பேர்.

அக்காவின் கணவர். இருவரும் பௌதிக டெமான்ஸ்ட்ரேட்டர்கள். லெக்சரர் இடம் ஒன்று காலியாக இருந்தது. பொதுச் சொற்பொழிவுக்கு அவரையும், மாஜிக் லாந்தரில் படம் போட என்னையும் பிரின்ஸிபால் சொன்னபோதே வேலை யாருக்கு என்று தெரிந்துவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது. கணக்கு அவருக்கு என்னளவு வராது. ஆனால் அவர் பேச ஆரம்பித்தால் கரமனைத் தெருவே நின்று கேட்கும். என் அம்மாகூட முதல் தோசையை அவருக்குத்தான் போடுவாள்.

ஸ்லைடின் மூலையில் வெள்ளைப் பொட்டு ஒன்று ஒட்டியிருக்கும். அது கட்டைவிரலடியில் வரும்படி பிடித்துச் செருகினால் படம் சரியாக விழும். நான் வேண்டுமென்றே முன்பின்னாகத் திருப்பிச் செருகினேன். இடமாகச் சுருள வேண்டிய கைகள் வலமாகச் சுருண்டன. சபையில் யாருக்கும் தெரியாது. முன்வரிசையில் இருந்த பிரின்ஸிபாலுக்குத் தெரியும். அவர் நெற்றி சுருங்கியது. எனக்கு மனம் குளிர்ந்தது.

அத்திம்பேர் திரையைத் திரும்பிப் பார்த்தார். "படம் திரும்பியிருக்கிறது. எடுத்துக் கொடுத்த என் தப்பு" என்று இங்கிலீஷில் சொல்லிச் சிரித்தார். பிறகு நிதானமாக, "ஒருவிதத்தில் நல்லதுதான். இங்கிருந்து நமக்கு இதன் ஒரு முகம்தான் தெரியும். இதற்கு அந்தப் பக்கம் யாராவது இருந்தால், அவர்களுக்கு இப்படித்தான் தெரியும்" என்றார். ஹால் முழுக்கக் கைதட்டல். பிரின்ஸிபாலும் தட்டினார்.

வீட்டுக்கு நடக்கையில் கரமனைப் பாலத்தில் சொன்னார்: "நீதான் ஸ்லைடை மறிச்சு வெச்சேன்னு தெரியும்டா. சாரமில்லை, போட்டே, போனது போகட்டும். அக்காகிட்ட சொல்லமாட்டேன்."

திட்டியிருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும். அடுத்த வாரம் அவருக்கு ஆர்டர் வந்தது.

அவர் காலமாகி இரண்டு வருஷமாகிறது. அவரிடம் படித்தவர்கள் இன்றும் அந்தச் சாயங்காலத்தைச் சொல்லி வியக்கிறார்கள். நான் தலையாட்டுகிறேன். ஸ்லைடைத் திருப்பியது நான்தான் என்று சொல்ல நாக்கு துடிக்கிறது. மன்னிப்புக் கேட்பதற்கல்ல. அந்தக் கைதட்டலில் எனக்கும் பங்கு வேண்டும்.