விரியாத மொட்டு ஒரு முழம்

அருள்மணி யோசிக்க ஆரம்பித்தால் கையில் அகப்படும் கயிற்றிலெல்லாம் முடிச்சு விழும். இயர்போன் ஒயர், பைஜாமா நாடா, மளிகைப் பொட்டலம் கட்டிவந்த நூல், என் ஷூ லேஸ். கட்டைவிரலில் ஒரு சுற்று சுற்றி, நுனியை உள்ளே விட்டு, பல்லால் கடித்து இறுக்குவான். அவிழ்ப்பது அவன் வேலையல்ல. தில்லி முனிர்காவில் அவனோடு ஒரே அறையில் குடியிருக்கும் பாவத்துக்கு, காலையில் ஆபீஸுக்கு நேரமாகும்போது நான்தான் உட்கார்ந்து நகத்தால் நோண்ட வேண்டும்.

திருவண்ணாமலைக்காரன். சீன மொழி படித்துவிட்டு, பக்கத்திலேயே ஒரு பயிற்சி நிலையத்தில் அதைச் சொல்லிக்கொடுக்கிறான். வாயைத் திறந்தால் பழைய சீனக் கவிதை. நான் புதுக்கவிதை படிக்கிறவன். பூ வந்தால் அது பூவாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்பேன். அவனுக்கு ஆகாது. லைலாக் என்று ஒரு பூவாம், ஊதா நிறத்தில், கொத்துக் கொத்தாய். அந்தக் காலத்துக் கவிகள் அது பூத்ததைவிடப் பூக்காததைத்தான் விரும்பிப் பாடினார்களாம். இறுக மூடிய மொட்டு அவர்கள் கண்ணுக்கு ஒரு முடிச்சு. மனதுக்குள் அவிழாமல் கிடக்கும் துக்கம், சொல்ல வாய்வராத பிரியம் எல்லாம் அந்த மொட்டுதான். இதை நான் சோறு வடிக்கும்போதும் கேட்டிருக்கிறேன், துணி துவைக்கும்போதும் கேட்டிருக்கிறேன்.

அவனுக்கென்று ஒரு முடிச்சும் இருந்தது. யாழினி. அதே நிலையத்தில் இன்னொரு ஆசிரியை. துவாரகாவில் வீடு, பிறந்து வளர்ந்ததெல்லாம் தில்லி. தமிழ் பேசுவாள், படிக்கத் திணறுவாள், சீனம் தண்ணீர்பட்ட பாடு. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலைக்கு மொழிபெயர்ப்பாளராக அடுத்த வாரம் போகிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து எங்கள் அறையில் ஒரு கயிறும் நேராக இல்லை.

"போய்ச் சொல்லித் தொலையேன்டா."

"சொல்றதா? லைலாக் பாடமே நடத்துறவ மச்சான் அவ. மொட்டைக் காட்டினா போதும், புரிஞ்சிக்குவா."

"தில்லியில லைலாக்குக்கு எங்க போவ? இமாச்சலுக்கு பஸ் ஏறப் போறியா?"

ஏறவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் ஆர்.கே.புரம் கோயில் வாசலில் ஒரு முழம் மல்லிகை மொட்டு வாங்கி வந்தான்.

"காலையில விரிஞ்சி நிக்கும்."

"ஃப்ரிட்ஜ் எதுக்கு இருக்கு?"

ஈரத்துணியில் சுற்றி மாவுப் பாத்திரத்தின் மேலேயே வைத்தான். மறுநாள் நான் தின்ற இட்லி நான்கும் மல்லிகை மணந்தது.

"தமிழ்ப் பொண்ணு கையில கட்டின பூவைக் கொடுத்தா தலையில வச்சிக்குவாடா. உக்காந்து துக்கப்பட மாட்டா."

"அவ சீனத்துல யோசிப்பா."

"தலைமுடி தமிழ்தானேடா."

சும்மா கூட வந்து நில்லு என்றான். நிலையத்துக்குக் கீழே ஜூஸ் கடையில் போனைப் பார்க்கிற மாதிரி நின்றேன். அந்த வேலை எனக்கு நன்றாக வரும்.

யாழினி இலைப் பொட்டலத்தைப் பிரித்தாள். சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு மொட்டை விரல் நுனியால் தொட்டாள்.

"ஒண்ணுகூட விரியல."

"ஆமா," என்றான் அருள்மணி.

அவள் காத்திருந்தாள். இவனும் ஏனோ காத்திருந்தான். ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே கடந்து போயிற்று.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை இல்ல?" என்றாள். "வீட்டுல சாமி படத்துக்குப் போடணும். அதுக்குத்தான் கொடுக்கறியா, அருள்?"

இல்லை என்று ஒரே ஒரு சொல் சொன்னால் போதும். நான் ஜூஸ் கிளாஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவன் தோள்பை வாரைக் கட்டைவிரலில் சுற்றினான், நுனியை உள்ளே விட்டான், இழுத்தான்.

"ஆமா. சாமிக்குத்தான்."

"அச்சா," என்றாள். பொட்டலத்தை மடித்துக்கொண்டு மாடிப்படி ஏறிவிட்டாள்.

அறைக்குத் திரும்பும் வழியெல்லாம் புலம்பல். "புரியலையே மச்சான் அவளுக்கு. சாமி படத்துக்காம். எத்தனை கவிதை படிச்சி என்ன?"

"சாமிக்குன்னு நீதானடா சொன்ன."

"அவ கேட்டா நான் என்ன பண்றது?"

எதிரே வந்த டெம்போவின் முன்னால் அவனைத் தள்ளிவிடலாமா என்று இருந்தது.

அடுத்த வாரம் அவள் போய்விட்டாள். அவளுடைய இரண்டு புத்தகங்கள் இவனிடம் தங்கிவிட்டன. துவாரகா போய்க் கொடுத்துவிட்டு வரவும் ஐயாவுக்குத் தெம்பில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் மெட்ரோ ஏறினேன்.

கதவைத் திறந்தவர் அவளுடைய அப்பா. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், வீட்டிலும் கறுப்புச் சட்டை. உள்ளே வா தம்பி என்றார். புது வீட்டில் எங்கே நிற்பது, எங்கே உட்காருவது என்று எனக்கு எப்போதும் குழப்பம். செருப்பைக் கையில் பிடித்தபடி, "சாமி ரூம் எந்தப் பக்கம் சார்? இதை எங்க விடறதுன்னு..." என்று இழுத்தேன்.

அவர் சிரித்தார். "எங்க வேணா விடுப்பா. எங்க கல்யாணத்துலேருந்து இந்தக் குடும்பத்துல ஒரு சாமி படமும் செவுத்துல ஏறினது கிடையாது."