லோர்னா பூஜ்யம் போட்ட கட்டம்

ஐம்பத்து மூன்று வயதில் லோர்னாவுக்குப் படிக்கும் ஆசை வந்ததை அமெரிக்காவின் விஸ்கான்சினில் எங்கள் பக்கத்தில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் பண்ணைப் பாலை டேங்கர் லாரியில் ஏற்றிப் போகிற நானும்தான். காலைக் கறவை முடிந்ததும் ரப்பர் பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு, சமுதாயக் கல்லூரிக்கு வேளாண் பொருளியல் படிக்கப் போவாள். அறுபது மாடுகளை வைத்துக்கொள்வதா, விற்பதா என்று அவளுக்கும் கணவன் மெர்லுக்கும் இரண்டு வருடமாக இழுபறி. படித்தால் விடை தெரிந்துவிடும் என்று நம்பினாள்.

"மாட்டைப் பத்தி மாட்டுக்கிட்ட கேளு. காலேஜ்ல என்னத்தக் கேக்கப் போற?" என்று மெர்ல் சீண்டுவான்.

மூன்றாவது வாரம், அவரவர் பண்ணையின் பால் உற்பத்திச் செலவை எழுதி வரச் சொன்னார்கள். தீவனம், டீசல், மாட்டு டாக்டர் எல்லாம் எழுதியவள், 'குடும்பத்தார் உழைப்பு' என்ற கட்டத்தில் மட்டும் பூஜ்யம் போட்டாள். லாபம் வந்தது. இந்தத் தப்பைச் செய்யாத ஆள் எங்கள் பக்கத்தில் கிடையாது. என் அப்பா சாகிற வரைக்கும் செய்தார், மடத்தனமாக.

டீச்சர் டீனாவுக்கு லோர்னாவின் மகள் வயதுதான். "உங்க மாட்டை யாரு கறக்கறா, லோர்னா?"

"நானும் மெர்லும்தான்."

"சம்பளம்?"

"எங்க மாட்டைக் கறக்க எங்களுக்கு யாரு சம்பளம் தருவா?" வகுப்பே சிரித்தது.

டீனா சிரிக்கவில்லை. "நாளைக்கு நீங்க படுத்துட்டா ஆள் வைக்கணும்ல? அந்த ஆளோட கூலிய எழுதுங்க."

எழுதினாள். லாபம் போன இடம் தெரியவில்லை.

மதியச் சாப்பாட்டின்போது தாளை மெர்ல் முன்னால் வைத்தாள். அவன் படித்துவிட்டு, "என் கூலிய அடிச்சிடு. நான் ஆசைக்குச் செய்யறேன்" என்றான். அடித்தாள். அப்போதும் நஷ்டம்தான்.

"அப்போ உன்னோடதயும் அடி."

"ஆசை உனக்கு, மெர்ல். எனக்கு இருக்கான்னு ஒரு நாளாவது கேட்டியா?"

கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் அவன் கேட்டதில்லை. உருளைக்கிழங்கு ஆறிக்கொண்டிருந்தது. "சரி, இப்பக் கேக்கறேன். இருக்கா?"

"இல்ல. எப்பவுமே இருந்ததில்ல."

இதை அவளே என்னிடம் சொன்னாள். மாடுகளை விற்றுவிட்டார்கள்; பால் ஏற்ற எனக்கு ஒரு பண்ணை குறைந்ததில் எரிச்சல்தான். அவள்மேல் கோபம் வரவில்லை. ஏலக்காரருக்குப் போன் செய்தது மெர்ல்தான். எதற்கு விற்கிறீர்கள் என்று அவர் கேட்டாராம்.

"கறக்க ஆளில்ல" என்றானாம்.