தலைமை ஆசிரியை ஆற்றில் இறங்கினார்

நகராட்சி நீச்சல் குளத்தில் அந்த அம்மாளின் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. மீன் டீச்சர் என்று கேட்டால், டிக்கெட் கிழிப்பவர் முதல் தரை கழுவுகிறவர் வரை கை நீட்டி வழி காட்டுவார்கள். குளோரின் தண்ணீரில் ஊறி ஊறித் தலைமுடி செம்பட்டை பாய்ந்துவிட்டது. நல்ல கனத்த உடம்பு. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். தண்ணீரில் இறங்கிவிட்டால் பஞ்சு மாதிரி. தண்ணீரைக் கண்டாலே வீறிடும் பிள்ளைகளைத்தான் ஊரில் எல்லாரும் அவரிடம் கொண்டுவந்து விடுவார்கள். அதட்ட மாட்டார், பிடித்துத் தள்ள மாட்டார். ஏதாவது கதை பேசிக்கொண்டே கூட்டிப் போவார். கழுத்தளவு தண்ணீருக்கு வந்த பிறகுதான் பிள்ளைக்கே விஷயம் புரியும்.

அப்படி நீச்சல் பழகிய ஒரு பெண்ணின் அம்மா, குழந்தை மருத்துவர். வருஷா வருஷம் விடுமுறையில் சில டாக்டர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து தொலைதூர நாடு ஒன்றுக்குப் போய் வைத்தியம் பார்ப்பதும் பாடம் எடுப்பதுமாக இருந்தார்கள். ஒருநாள் அந்த டாக்டர் குளத்தின் கரையில் வந்து உட்கார்ந்தார்.

"இந்த வருஷம் நீங்களும் எங்ககூட வரணும் டீச்சர்."

"நானா? எனக்கென்ன ஊசி போடவா தெரியும்?"

"ஊசிக்கு நாங்க இருக்கோம். அங்க மழைக்காலம் வந்தா ஆறு ஊருக்குள்ள புகுந்துடுது. ஆத்தங்கரையிலயே பொறந்த புள்ளைங்க, ஒண்ணுக்குக்கூட நீச்சல் தெரியாது. மிதக்கவாவது சொல்லிக் குடுங்கன்னு பள்ளிக்கூடத்துலயிருந்தே கேட்டிருக்காங்க."

அன்றைக்குச் சாயங்காலம் மீன் டீச்சர் நேரே கணவரின் அச்சகத்துக்குப் போய்ச் சொன்னார். அவர் கையிலிருந்த மையைத் துணியில் துடைத்தபடி கேட்டார்:

"நீ போயிட்டா சாப்பாட்டுக்கு நான் எங்க போறது?"

"கால் ரெண்டும் நல்லாத்தானே இருக்கு? அடுப்படி வரைக்கும் போங்க."

வாழ்க்கையில் முதல் விமானப் பயணம். ஏறியதிலிருந்து டாக்டரின் கையை மீன் டீச்சர் விடவே இல்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தவர், "கீழ கடலா இருந்தாக்கூடப் பரவால்ல டாக்டர், விழுந்தா நீந்திக்கலாம். வெறுந்தரையால்ல இருக்கு!" என்றார். முன்வரிசையில் இருந்தவர்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள்.

அந்த ஊரில் அவருக்கு இடம் கொடுத்தவர் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை. நெடுநெடுவென்ற உருவம், விறைப்பான நடை. அவர் வாசலில் வந்து நின்றால் வகுப்பறைகள் தானாக அடங்கிவிடும். தன் கட்டிலை விருந்தாளிக்குக் கொடுத்துவிட்டுத் தான் மர பெஞ்சில் படுத்துக்கொண்டார். ஒருவர் மொழி மற்றவருக்கு அட்சரம்கூடத் தெரியாது. நடுவில் பாலமாக இருந்தவள் ஒரு நர்ஸ். மீன் டீச்சரின் நாட்டுக்கு வந்து படித்துவிட்டுத் திரும்பிய பெண். தமிழ் தண்ணீர் பட்ட பாடு.

முதல் நாள் சாயங்காலம் மீன் டீச்சர் கணவரின் போட்டோவை எடுத்துக் காட்டினார். தலைமை ஆசிரியை அதை உற்றுப் பார்த்துவிட்டுக் கடுகடு முகத்தோடு என்னவோ சொன்னார்.

"இவர் இப்ப என்ன சாப்பிட்டுட்டு இருப்பாரோன்னு கவலைப்படறாங்க அக்கா" என்றாள் நர்ஸ்.

மீன் டீச்சருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இந்த அம்மா ஆள் பரவாயில்லை என்று அப்போதே மனசில் எழுதிக்கொண்டார்.

ஆனால் ஆற்றங்கரையில் காரியம் நடக்கவில்லை. ஓட்டம் குறைந்த வளைவாகப் பார்த்துக் கயிறு கட்டியாயிற்று, படகும் தயார். பிள்ளைகள் வரிசையாக வந்து நின்றார்கள். பின்னாலேயே அம்மாக்களும் வந்து ஆளுக்கொரு கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு கால்கூடத் தண்ணீரைத் தொடவில்லை. மறுநாளும் அதே கதைதான். மீன் டீச்சர் மட்டும் நடு ஆற்றில் தனியாக மிதந்து காட்டிவிட்டுக் கரையேறினார்.

"இங்க ஆத்துக்கு ஆளைப் பறிகொடுக்காத வீடே கிடையாது அக்கா" என்றாள் நர்ஸ். "பெரிய டீச்சரோட தம்பியும் அப்படித்தான் போனாரு. அதுலயிருந்து அவங்க ஆத்துப் பக்கமே திரும்பறதில்ல."

இராச் சாப்பாட்டின்போது மீன் டீச்சர் நேராகவே கேட்டார்: "நாளைக்கு நீங்க இறங்குவீங்களா? நீங்க இறங்கினா ஊரே இறங்கும்."

தலைமை ஆசிரியை தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னதை நர்ஸும் தணிந்த குரலிலேயே சொன்னாள்: "பயமா இருக்குதாம் அக்கா. இதை யார்கிட்டயும் சொன்னதில்லையாம்."

"பயந்துக்கிட்டே இறங்கட்டும். நான் பிடிச்சுக்கறேன்."

காலையில் தலைமை ஆசிரியை வந்தார். பள்ளிக்கூடத்துக்குப் போகிற அதே கஞ்சிபோட்ட உடை, அதே விறைப்பு. கரையில் சத்தம் அடங்கியது. கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று ஒவ்வொரு அடிக்கும் நின்று நின்று வந்தார். மீன் டீச்சர் அவர் பிடரிக்குக் கீழே ஒரு கையும் முதுகுக்குக் கீழே ஒரு கையும் கொடுத்துப் படுக்க வைத்தார். மரக்கட்டை மாதிரி உடம்பு, இறுக மூடிய கண்.

நர்ஸோ கரையில் நிற்கிறாள். மீன் டீச்சர் தமிழிலேயே பேச ஆரம்பித்தார். "கழுத்தை விடுங்க. தோளை விடுங்க. மூச்சை விடுங்கம்மா. விடுங்க... விடுங்க..."

என்ன புரிந்ததோ, அந்த உடம்பு மெல்லத் தளர்ந்தது. மீன் டீச்சர் ஒரு கையை எடுத்தார். கொஞ்சம் பொறுத்து மற்றதையும் எடுத்து இரண்டையும் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார். தலைமை ஆசிரியை மிதந்துகொண்டிருந்தார்! கண்ணைத் திறந்து வானத்தைப் பார்த்தவர், தன்னைத் தாங்க யாருமில்லை என்று தெரிந்ததும் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அந்த ஊர்ப் பிள்ளைகள் கேட்டதே இல்லை. சிரித்த வாய்க்குள் தண்ணீர் புகுந்து, புரையேறி, இருமி எழுந்து நின்றபோது கரையில் ஒரே கைதட்டல். அம்மாக்களின் பிடி எப்போது நழுவியதோ, பிள்ளைகள் தொபுதொபுவென்று தண்ணீரில் குதித்தார்கள்.

அன்றிலிருந்து அந்த ஆற்றில் மிதக்கப் பழகுவதற்கான மந்திரம் 'விடுங்க'தான். பொடிசுகள்கூட ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு படுமரியாதையாக "விடுங்க, விடுங்க" என்று கத்தின. மீன் டீச்சர் கிளம்புகிற நாளில் தலைமை ஆசிரியை கயிற்றின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நீந்திக் காட்டினார்.

அடுத்த விடுமுறையில் தலைமை ஆசிரியை இங்கே வந்தார். தன் பள்ளிக்கூடத்து இளம் ஆசிரியைகள் இருவரைக் கையோடு கூட்டிவந்திருந்தார். நகராட்சிக் குளத்தில் அந்த இருவருக்கும் காலையும் மாலையும் பயிற்சி: நீந்த, சொல்லிக்கொடுக்க, மூழ்கினவர்களைக் கரைசேர்க்க. வீட்டில் மீன் டீச்சரும் தலைமை ஆசிரியையும் ஆளுக்கொரு மொழியில் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு பேருக்கும் என்னதான் புரியுது?" என்று கணவர் தலையைச் சொறிந்தார்.

"நாம ஒரே மொழியில பேசி உங்களுக்கு என்ன புரிஞ்சுது?" என்றார் மீன் டீச்சர்.

போன மழைக்காலத்தில் நர்ஸின் போன் வந்தது. "அக்கா, ஆறு உள்ள வந்துடுச்சு. பள்ளிக்கூடம் பாதி முழுகிடுச்சு. ஆனா புள்ளைங்க அத்தனை பேரும் பத்திரம்! ஒரு பொண்ணு, படகு வர்ற வரைக்கும் தம்பியை நெஞ்சு மேல போட்டுக்கிட்டு மல்லாக்க மிதந்திருக்கா."

மீன் டீச்சர் போனைப் பிடித்தபடியே கணவரைக் கூவிக் கூப்பிட்டார். அழுகையும் சிரிப்புமாக விஷயத்தைச் சொன்னார். அதற்குள் போன் கைமாறியது. அந்தப் பக்கம் கனத்த, கண்டிப்பான குரல், ஒவ்வொரு எழுத்தையும் கடித்துக் கடித்துத் தமிழில் கேட்டது:

"எப்ப... வரீங்க?"

"இந்த லீவுக்கே வர்றேம்மா, இந்த லீவுக்கே!"

பக்கத்தில் நின்ற கணவர், "நானும் வர்றேன்னு சொல்லு" என்று அவசரமாக அவர் தோளைத் தட்டினார்.