முனீஸ்வரனுக்கு வைத்த விஸ்கி

என் மாமனார் ஒரு பாட்டில் விஸ்கியை ஒன்றரை வருடம் வைத்துக் குடிக்கிறவர். குடிப்பதைவிட அதை வைத்திருப்பதில்தான் அவருக்குப் போதை. துபாயில் இருக்கும் மூத்த மகன் கொண்டுவந்த பாட்டில் அது. கேளம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக் கூடத்து ஷோகேசில், ஜன்னல் வெயில் நேராக விழுகிற தட்டில் நிறுத்தியிருந்தார். வருகிறவர்கள் கண்ணில் பட வேண்டுமே! பெரிய மனிதர் யாராவது வந்தால் ஒரு மூடி ஊற்றிக் கொடுப்பார். கொடுத்துவிட்டு, மட்டம் பார்த்து லேபிளில் பேனாவால் ஒரு கோடு போடுவார். வீட்டில் நாங்கள் மூன்றே பேர்: அவர், என் வீட்டுக்காரர், நான். அந்தக் கோடுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஓட்டலில் பார் ஸ்டோர் பார்க்கிறேன். பாட்டில் திறந்த தேதியை எழுதி ஒட்டுவது, பாதிக்கு மேல் காலியானதைச் சின்ன பாட்டிலுக்கு மாற்றுவது, சந்தேகம் வந்தால் மோந்து பார்ப்பது, நாக்கில் ஒரு சொட்டு வைத்துத் துப்புவது எல்லாம் என் வேலை. கடைசியில் சொன்னதை மட்டும் வீட்டில் மூச்சுவிட்டதில்லை.

திறந்த விஸ்கி பாலைப் போல ஒரே நாளில் திரிந்துவிடாது. முதல் சில வாரங்கள் இன்னும் நன்றாகக்கூட இருக்கும். மூக்கைக் குத்துவது தணிந்து வெல்ல வாசனையும் மர வாசனையும் மேலே வரும். சரக்கு குறையக் குறைய பாட்டிலில் காற்று கூடும். அதோடு வெயிலும் சேர்ந்தால் வாசனை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். கால் பாட்டிலுக்கு வந்து மாதக்கணக்கில் கிடந்தால் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி ஒரு வாடைதான் மிஞ்சும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேனேஜர் சொன்னார்: "காத்து வாசனையத்தான் துன்னும். காரத்தத் துன்னாது."

ஷோகேசிலிருந்து எடுத்து இருட்டான இடத்தில் வைக்கச் சொல்லி மாமனாரிடம் ஒருமுறை சொன்னேன். "பொம்பளைக்கு இன்னாத்துக்கு இந்த ஆராய்ச்சி?" என்றார். கல்யாணமான நாளிலிருந்தே அவருக்கு என் வேலை ஆகாது. நிறுத்த ஒரு சாக்குத்தான் தேடிக்கொண்டிருந்தார்.

போன ஆடியில் அது கிடைத்தது. ஏரிக்கரையில் எங்கள் குலதெய்வம் முனீஸ்வரனுக்குப் படையல். கோழி, சுருட்டு, சரக்கு வைப்பது வழக்கம். அந்த வருடம் ஊரார் முன்னால் பெருமையடிக்க, ஷோகேசில் மிஞ்சியிருந்த கால் பாட்டில் விஸ்கியைக் கொண்டுபோனார். சாமிக்கு ஒரு டம்ளர் ஊற்றி வைத்தார். கும்பிட்டு முடிந்ததும் அந்த டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார். உடனே துப்பினார்.

"இன்னாடா இது, பச்சத்தண்ணி மாரி கீது! எவன் கை வச்சது?"

"நான் தொடவே இல்லப்பா" என்றார் என் வீட்டுக்காரர். அவரை யாரும் கேட்கவில்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதை. அப்போது எனக்கு உறைக்கவில்லை. அவரையும் சேர்த்துக் காப்பாற்றத்தான் நான் வாயைத் திறந்தேன்.

"யாரும் ஒண்ணும் பண்ணல மாமா. தொறந்து ஒன்ற வருஷம் ஆச்சு. காத்தும் வெயிலும் பட்டு அதுவே செத்துப்போச்சு."

அவர் மெல்ல என் பக்கம் திரும்பினார். "ஒனுக்கு எப்படி இவ்ளோ தெரியுது? சரக்காண்டயே பொழுதன்னைக்கும் நிக்கிறவ. நீதான் ஊத்திக் குடிச்சிட்டு தண்ணி கலந்து வச்சிக்கீற. அதச் சாமிக்கும் வச்சிட்டேன். கற்பூரம் அடிச்சி சத்தியம் பண்ணு. இல்லாங்காட்டி நாளைலேர்ந்து வேலைக்குப் போவக்கூடாது."

எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்வது எங்கள் பக்கத்து வழக்கம். பொய்ச் சத்தியம் செய்தால் முனீஸ்வரன் சும்மா விடமாட்டார் என்பார்கள். பத்துப் பதினைந்து சொந்தக்காரர்கள் முன்னால் ஒரு மருமகளை அப்படி நிற்க வைத்தால் எவ்வளவு அவமானம் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"பண்றேன். மொதல்ல அந்த டம்ளரைக் குடுங்க" என்றேன்.

மோந்து பார்த்தேன். வாசனை இல்லை, நான் சொன்னபடிதான். ஆனால் குத்தலும் இல்லை. வாசனை செத்த விஸ்கியும் மூக்கைக் குத்தும். வெளிச்சத்தில் பிடித்தால் வடிகட்டிய தூளிலேயே மறுபடி போட்ட டீ மாதிரி வெளுத்திருந்தது. நாக்கில் ஒரு சொட்டு வைத்தேன். சொந்தக்காரப் பெண்கள் "ஐயையோ" என்றார்கள். சொல்லட்டும். காரம் துளியும் இல்லை. காற்று இதைச் செய்யாது.

யார் செய்திருப்பார்கள் என்பதற்குப் பெரிய மூளை தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை மாமனார் சீட்டாடப் போய்விடுவார். எனக்கு ஓட்டலில் அன்றுதான் கூட்டம். வீட்டில் தனியாக இருக்கிறவர் ஒருவர்தான். கோட்டுக்குக் கீழே இறங்கினால் மாட்டிக்கொள்வோம் என்று குடித்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறார். என்மேல் பழி விழுந்தபோதும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"நான் சொன்னது தப்பு மாமா. இதுல தண்ணி கலந்துதான் கீது" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "கற்பூரத்த ஏத்துங்க. மொதல்ல நான் அடிக்கிறேன். அடுத்து உங்க புள்ள அடிக்கட்டும்."

மாமனார் தட்டில் கற்பூரத்தை ஏற்றினார். நான் பயப்படவில்லை. ஓங்கி அடித்து, அணையும்வரை கையை எடுக்காமல் வைத்திருந்தேன். பிறகு தட்டை என் வீட்டுக்காரர் முன்னால் நகர்த்தினேன். அப்போதுதான் அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கண்ணாலேயே கெஞ்சினார். எனக்கு இரக்கம் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

மாமனார் மகனைப் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது. தீப்பெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"போதும் போதும். நேரமாச்சு, எலயப் போடுங்க. சாமி முன்னாடி புருஷன நிக்க வச்சிக் கேள்வி கேக்குற பழக்கம்லாம் நம்ம வூட்ல கெடயாது."

எல்லோரும் பந்திக்குப் போனார்கள். வேலையை விடச் சொன்னதைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. மன்னிப்பும் யாரும் கேட்கவில்லை.

திரும்பி வரும் வழியில் ஆட்டோவில் என் வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார்: "காத்துதான் காரணம்னு சொல்லிட்டு நீ மட்டும் கற்பூரம் அடிச்சிருந்தா மேட்டரு அதோட முடிஞ்சிருக்கும். என்ன எதுக்கு இழுத்த?"

சிவந்து எரிந்துகொண்டிருந்த உள்ளங்கையை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். கல்யாணமாகி ஐந்து வருடத்தில் அவரை நான் ஒருமையில் பேசியது அன்றுதான்.

"இது என் கை. உன் கையக் காட்டு."